கெல்லம் மேட்டிலிருந்து வந்த மஞ்சள் அசேலியா

எங்கள் நாட்டுச்செடிச் சங்கத்தில் வைலீன் ப்ரூவிட்டைப் பிடிக்காதவர்கள் பாதிப் பேர். அவளுக்குப் பயப்படாதவர்கள் ஒருத்தரும் கிடையாது. நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, முப்பது வருஷச் சிநேகிதி. அதனால் இரண்டு கட்சியிலும் எனக்கு இடம் உண்டு.

யார் வீட்டுக்குப் போனாலும் அவள் முதலில் பார்ப்பது வாசல் செடியைத்தான். ஜார்ஜியாவில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஜப்பான் அசேலியாப் பூச்செடி புதராக நிற்கும். உருண்டையாக வெட்டிவிட்டிருப்பார்கள், ஏப்ரலில் இலையே தெரியாமல் ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளும். வைலீனுக்கு அதைக் கண்டால் ஆகாது. "நம்ம மலையிலேயே அசேலியா இருக்கு. அதை விட்டுட்டு எவனோ கப்பல்ல கொண்டுவந்ததை வாசல்ல வச்சுக் கொஞ்சறீங்களே, வெக்கமா இல்லே?" என்று விருந்துக்குக் கூப்பிட்டவர்களையே கேட்பாள். ஒருமுறை எனக்குப் பொறுக்காமல், "நம்ம முப்பாட்டனும் கப்பல்ல வந்தவன்தான். நீயும் நானும் எந்த ஊரு நாட்டுச் செடிடீ?" என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் அவள் சொன்ன செடியில் குற்றம் சொல்ல முடியாது. நாட்டு அசேலியா குளிர்காலத்தில் மொட்டைக் குச்சியாக நிற்கும், விறகுக்கு வெட்டிப் போடலாம் என்று தோன்றும். மே மாதம் இலை சரியாக விரியும் முன்பே கிளை நுனியெல்லாம் பூ வந்துவிடும். ஒவ்வொரு பூவிலிருந்தும் பூனை மீசை மாதிரி நீளமாக மகரந்தக் கேசரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆரஞ்சு நிறம்தான். நல்ல மஞ்சள் கிடைப்பது அபூர்வம். வைலீனுக்கு அந்த மஞ்சள் மேல் பல வருஷ ஆசை. கடையில் விற்கிற கன்றுகள் வேண்டாம், நம் மலையிலேயே பிறந்ததுதான் வேண்டும் என்று அடம்.

கெல்லம் மேட்டை ஒரு கம்பெனி வாங்கி வீட்டுமனை போடப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் சங்கம் போய் அனுமதி வாங்கியது. இது நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். புல்டோசர் வருமுன் போய், அழியப்போகிற செடிகளை வேரோடு தோண்டி எடுத்து வீட்டுத் தோட்டங்களில் வைத்து வளர்ப்போம். மீட்பு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். கம்பெனிக்காரர்கள் அதற்குள் ரோட்டோரம் பெரிய பலகை வைத்துவிட்டார்கள்: அசேலியா ரிட்ஜ். எதை அழிக்கிறார்களோ அதன் பெயரையே மனைக்கு வைப்பது இங்கே ஒரு மரியாதை.

பிப்ரவரியில் போனோம். செடி தூங்கும்போதுதான் தோண்ட வேண்டும். வைலீன் போன மே மாதமே ரோட்டிலிருந்து அந்த மஞ்சளைப் பார்த்து, ஏறிப்போய் ஒரு துணி நாடா கட்டிவிட்டு வந்திருந்தாள். மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சமதளமாக ஒரு திட்டில் அது தனியாக நின்றது. என் தோள் உயரம். அதன் அடியில் நீலப்பூ வின்கா கொடி பாய் விரித்தது போலப் படர்ந்திருந்தது.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். வின்கா ஐரோப்பாவிலிருந்து வந்த கொடி, தானாகக் காட்டுக்குள் போகாது. நடுக்காட்டில் அது படர்ந்திருந்தால் அங்கே ஒரு காலத்தில் வீடு இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லறை. குளிர்காலத்திலும் பச்சையாக இருக்கும் என்று அந்தக் காலத்தில் கல்லறைமேல் நட்டு வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் இது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். வைலீனுக்குத் தெரியாதா? செடிகளைப் பற்றி வகுப்பெடுக்கிறவள் அவள். ஆனால் வின்காவைக் கண்டதும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது அயல்நாட்டுக் களை மட்டும்தான்.

"பாரு இந்தச் சனியனை. கழுத்தை நெரிச்சிட்டிருக்கு," என்றாள். மண்வெட்டியை வைத்துவிட்டு மண்டியிட்டுப் பிய்க்க ஆரம்பித்தாள்.

"இங்க ஏதோ வீடு கீடு இருந்திருக்கும்போல," என்றேன் நான்.

"இருந்துட்டுப் போகட்டும். சாக்கைப் பிடி."

நானும் சாக்கைப் பிடித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. செடிக்கு ஒரு பக்கத்தில், ஒன்றுக்கொன்று ஒரு கை தூரத்தில், இரண்டு தட்டைக் கற்கள் மண்ணில் பாதி புதைந்து நின்றன, ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று சின்னது. வேரை வெட்டும்போது தடையாக இருக்கவே அவற்றையும் நெம்பி எடுத்தோம். பாசி படிந்து அழகாக இருந்தன. "படிக்கல்லுக்கு ஆகும்," என்று வைலீன் அவற்றையும் என் வண்டியில் ஏற்றச் சொன்னாள். பிறகு குழியை மண் போட்டு மூடி, மிதித்து, மேலே சருகு பரப்பினோம். வந்துபோன சுவடே தெரியக்கூடாது என்பது எங்கள் சங்கத்து விதி. அன்றைக்கு அந்த மேட்டில் எத்தனையோ செடிகள் தோண்டினோம், ஒரு குழியைக்கூட யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி மூடிவிட்டு வந்தோம். அதில் எங்களுக்கு அவ்வளவு பெருமை.

அந்தச் செடியை அவள் வளர்த்ததைப் பற்றி நான் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஓக் மரத்து அரைநிழலில் இடம் பார்த்தாள். அசேலியாவை ஆழமாக நட்டால் வேர் மூச்சு முட்டிச் செத்துப்போகும், அதனால் தரைக்குக் கொஞ்சம் மேலே மேடாக உட்காரவைத்து, பைன் பட்டையும் மண்ணும் கலந்து சுற்றிலும் அணைத்தாள். மேலே பைன் ஊசிச் சருகு. முதல் வசந்தத்தில் வந்த மொட்டுகளையெல்லாம் தன் கையாலேயே கிள்ளிப் போட்டாள். பூக்கிற சக்தி வேருக்குப் போகட்டும் என்று. எத்தனை ஆசைப்பட்ட பூ! கிள்ளும்போது அழுதாள், நான் பார்த்தேன். அந்தக் கோடையில் மழை பொய்த்தது. இலை சுருண்டபோதெல்லாம் மழைத்தண்ணீர் பீப்பாயிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றினாள், குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறதாம். குச்சியை நகத்தால் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் அன்றைக்கு முகமே வேறாக இருக்கும். புருஷனுக்கு முதுகுவலி வந்தபோது இத்தனை கவனித்தாளா என்று கேட்டால், இல்லை.

அடுத்த மே மாதம் அது பூத்தது. வெண்ணெய் மஞ்சள், மேல் இதழில் மட்டும் ஒரு ஆரஞ்சுப் பொட்டு.

அதே வாரக் கடைசியில் எங்கள் சங்கத்துத் தோட்டச் சுற்றுலா. சனி ஞாயிறு இரண்டு நாளும் ஊர் ஊராக ஆட்கள் வந்து தோட்டங்களைப் பார்ப்பார்கள். வைலீன் வீட்டில்தான் கூட்டம் முட்டியது. நான் சமையலறை வாசலில் சர்க்கரை அள்ளிப்போட்ட ஐஸ் டீயும் சீஸ் சாண்ட்விச்சும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த அசேலியா முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். "இந்தத் தோட்டத்துல வெளிநாட்டுச் செடி ஒண்ணு கண்டுபிடிச்சுக் குடுங்க, இந்த வீட்டையே எழுதித் தர்றேன்!" எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டத்தில் ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும், இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கழுத்தில் மூக்குக் கண்ணாடிச் சங்கிலி. பக்கத்து மாநிலத்துப் பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருக்கிறவள் என்றும், பெயர் எர்னஸ்டின் கூல்ஸ்பி என்றும் பிறகுதான் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கேருந்து வந்ததும்மா?" என்று கேட்டாள்.

"கெல்லம் மேடு. புல்டோசர் வாயிலேருந்து பிடுங்கிட்டு வந்தேன்," என்றாள் வைலீன். இதைச் சொல்ல அவளுக்கு எப்போதுமே பிடிக்கும். "சுத்தமான காட்டுச்செடி. வின்கா போட்டு அமுக்கியிருந்துச்சு பாவத்தை. அரைநாள் உக்காந்து பிய்ச்சேன்."

"வின்கா இருந்துச்சா?"

"பாய் மாதிரி!"

எர்னஸ்டின் வைலீன் பக்கம் திரும்பினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள், ஆனால் குரலை உயர்த்தவில்லை. "எங்கம்மா அப்பா கெல்லம் நிலத்துல குத்தகைக்கு உழுதவங்க. அவங்களோட முதல் பிள்ளை, என் அண்ணன், பிறந்து நடக்கறதுக்குள்ளே போயிட்டான். கல் வெட்டி வைக்கக் காசில்லே. எங்கம்மா ஓடைக்கரையிலேருந்து ஒரு மஞ்சள் அசேலியாவைத் தோண்டிட்டுப் போய் அவன் தலைமாட்டுல வச்சாங்க. சுத்திலும் வின்கா. தலைக்கு ஒரு கல்லு, காலுக்கு ஒரு கல்லு. திங்கக்கிழமை அங்க மண்ணு வெட்ட வர்றாங்க. அங்க கல்லறை இருக்குன்னு அடையாளம் காட்டினா வேலையை நிறுத்தறோம்னு கவுண்டி அரசு அலுவலகத்துல சொல்றாங்க. வியாழக்கிழமை அங்கேருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு மேடு முழுக்க நடந்தேன். மஞ்சள் பூவும் இல்லே, கல்லும் இல்லே. வெறும் கதையை வச்சு ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டார். உங்க சங்கத்துக்காரங்க அங்க தோண்டினாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. அதான் வந்தேன். நீங்க அங்க கல்லு ஏதாவது பாத்தீங்களா?"

வைலீன் ஒரு அடி பின்னால் வைத்தாள். செடிக்குப் பக்கத்தில் பதித்திருந்த அந்தப் பெரிய கல்மேல் ஒரு காலும், சின்னக் கல்லை மறைத்தபடி இன்னொரு காலும் வைத்து நின்றுகொண்டாள்.

"கல்லா?" என்றாள். "மலைன்னா கல்லு இருக்கத்தான் செய்யும். எனக்கு ஞாபகமில்லே."

"எந்த இடம்னு காட்ட முடியுமா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. நாங்க நிறைய செடி எடுத்தோம்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "வாங்க, அந்தப் பக்கம் ட்ரில்லியம் பூ இருக்கு, காட்டறேன்," என்று கையைத் தட்டினாள். கூட்டம் போனபிறகுதான் அவள் கல்லிலிருந்து காலை எடுத்தாள்.

எர்னஸ்டின் போகும்போது நான் டீ நீட்டினேன். "வேண்டாம்மா," என்றாள். அவள் கார் திரும்பும்வரை டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நானும் வாயைத் திறக்கவில்லை.

கடைசி ஆள் போனதும் சமையலறைக்கு வந்த வைலீனைப் பிடித்துக்கொண்டேன். "நீ எதுமேல நின்னுட்டிருந்தே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டீ?"

"அத்தனை பேர் முன்னாடி என்ன சொல்லச் சொல்றே? குழந்தை கல்லறையைத் தோண்டித் தோட்டம் போட்டிருக்கேன்னு சொல்லவா? நாளைக்குச் சுற்றுலா முடியட்டும். அப்புறம் போன் பண்ணிப் பேசறேன்."

"நாளை மறுநாள் புல்டோசர் வருது."

"நாளைக்குன்னு சொன்னேன்ல!" என்று கத்தினாள். சாண்ட்விச் தட்டை எடுத்து வெறும் தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள். நான் கோபத்தில் என் கிண்ணங்களைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கிண்ணங்களை எடுக்கப் போனேன். சமையலறையில் அவள் இல்லை. தோட்டத்துக் கேட்டில் 'இன்று தோட்டம் மூடப்பட்டுள்ளது' என்று அட்டை தொங்கியது. அசேலியா அடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கற்கள் இரண்டையும் கையாலேயே தோண்டி வெளியே எடுத்து வைத்திருந்தாள், நகமெல்லாம் மண். கற்களைக் கழுவியும் விட்டிருந்தாள். பெரிய கல்லில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, ஆணியால் கீறியது போல ஒரு சின்னச் சிலுவை மட்டும் இருந்தது. பாசிக்கு அடியில் இருந்ததால் நாங்கள் பார்த்ததே இல்லை.

"இதுமேல நின்னேன் ஜூனெல்," என்றாள். "ஷூ காலோட நின்னு, ஞாபகமில்லேன்னேன். அவ என் காலைத்தான் பாத்துட்டிருந்தா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு என்னையே பாக்கப் பிடிக்கலே."

"எந்திரி," என்றேன். வேறு என்ன சொல்வது?

எங்கள் ஊரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் வெள்ளையர் சர்ச், அந்தப் பக்கம் கறுப்பினத்தவர் சர்ச். பிரித்து வைத்த சட்டமெல்லாம் மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, பள்ளிக்கூடத்திலும் கடையிலும் கலந்துதான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் யாரும் பாதையைத் தாண்டுவதில்லை. ஊருக்கு வந்திருக்கிற எர்னஸ்டின் அங்கேதான் இருப்பாள் என்று நாங்கள் கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தாண்டினோம். ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மரத்தடியில் மேஜை போட்டுப் பொரித்த கோழியும் கீரையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மண் படிந்த கால்சட்டையோடு வைலீன் இறங்கியதும் பேச்செல்லாம் நின்றுவிட்டது. எர்னஸ்டின் ஒரு கேக் தட்டோடு நின்றிருந்தாள்.

வைலீன் அவள் எதிரே போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அந்தச் செடியை நான்தான் தோண்டினேன். கல்லு ரெண்டும் வண்டியில இருக்கு. நேத்து அதுமேல நின்னுட்டுதான் தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

"பாத்தேன்," என்றாள் எர்னஸ்டின். கேக் தட்டை மேஜையில் வைத்தாள். "நீங்க நகர்ந்து நின்னதையும் பாத்தேன்."

"அப்போ அங்கேயே ஏன் என்னைப் பிடிச்சுக் கேக்கலே?"

"கேட்டேனே! உங்க வீட்டுல, உங்க ஆளுங்க மத்தியில நின்னுக்கிட்டு உங்களைப் பொய்க்காரின்னு சொன்னா யாரு வெளியே போயிருப்பா? நீங்களா நானா? எனக்குக் கல்லு முக்கியமில்லே, இடம் தெரியணும். அது உங்க வாய்க்குள்ளே இருக்கு. இன்னைக்குச் சாப்பிட்டுட்டு உங்க வீட்டுக்குத்தான் வர்றதா இருந்தேன், தனியா மாட்டுவீங்கன்னு." பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "சாப்பாடு ஆறினா ஆறட்டும். யாராவது மண்வெட்டி எடுத்துட்டு வாங்க," என்றாள்.

மேட்டில் ஏறினால் வைலீனுக்கு இடம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்தத் திட்டு முழுக்க ஒரே சருகு. ஒரு வருஷத்து இலை விழுந்து எல்லாம் ஒன்றுபோல இருந்தது. எங்கெல்லாமோ லேசாகப் பள்ளம் தட்டியது, அது எல்லாமே எங்கள் சங்கத்துக் குழிகள். எத்தனை ஒழுங்காக மூடியிருக்கிறோம்! சர்ச்சுக்குப் போட்ட நல்ல செருப்போடு பத்துப் பதினைந்து பேர் சருகைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தர்கூட எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

"இங்கேயா?" என்று எர்னஸ்டின் ஓர் இடத்தைக் காட்டினாள்.

ஆமாம் என்று வைலீன் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், புல்டோசர் நின்றுவிடும். அவள் உதடு அதற்குத் தயாரானதைக்கூட நான் பார்த்தேன். "தெரியலைங்க," என்றாள். "இன்னைக்கும் பொய் சொல்ல மாட்டேன். தெரியலே."

சொல்லிவிட்டு மண்டியிட்டாள். ஒவ்வொரு பள்ளமாகத் தவழ்ந்துபோய்ச் சருகைக் கையால் விலக்கினாள். வின்கா கொடி ஒரு கணு மண்ணில் தங்கினாலும் திரும்ப முளைக்கும், யாரும் அதை முழுசாகப் பிடுங்கியதே கிடையாது. அதை வகுப்பில் சாபம் போலச் சொல்கிறவள் அவள்தான். இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். முட்டி எரிந்தது.

திட்டின் ஓரத்தில் ஒரு பள்ளத்தில் சருகை விலக்கியபோது பளபளவென்று சின்னதாக நாலைந்து பச்சை இலை. வைலீன் அதைத் தொடவே பயந்தாள். "இங்க," என்றாள். எர்னஸ்டின் வந்து மீதிச் சருகைத் தள்ளினாள். எங்கள் குழியை ஒட்டியே, நாங்கள் தோண்டாத பக்கத்தில், தரை ஒரு கை நீளத்துக்கு உள்வாங்கியிருந்தது. நேரான ஓரம். கைக்குழந்தைக்குப் போதுமான அளவு. கல்லைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். தலைமாட்டில் கல் புதைந்திருந்த குழி மண்ணில் அப்படியே இருந்தது, பெரிய கல் அதில் சரியாக உட்கார்ந்தது. எர்னஸ்டின் அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

படம் எடுத்து அனுப்பியதும் கவுண்டி அலுவலக ஆள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்தார். அளந்து பார்த்து, சுற்றிலும் ஆரஞ்சு நாடா கட்டினார். இந்தத் திட்டில் யாரும் கை வைக்க முடியாது என்றார்.

வைலீன் எர்னஸ்டினிடம் போனாள். "செடியைத் திருப்பிக் கொண்டுவந்து வச்சுடறேன். இப்போ பூவோட தோண்டினா செத்துடும். பிப்ரவரியில நானே..."

"எங்கம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டியாச்சு. பிப்ரவரியெல்லாம் அவங்க கணக்குல இல்லே," என்றாள் எர்னஸ்டின். "இப்போ அந்தப் பூவை அவங்க பாக்கணும். உங்க வீட்டுக்குப் போலாம்."

"போலாம். நான் அவங்ககிட்டயே மன்னிப்புக் கேட்டுடறேன்."

எர்னஸ்டின் அப்படியே நின்றாள். இத்தனை நேரமும் வராத கோபம் அப்போதுதான் அவள் முகத்தில் வந்தது. "கேக்கக் கூடாது. உங்களுக்கு மனசு லேசாகணும்னு என் அண்ணனைத் தோண்டின கதையை எங்கம்மா கேக்கணுமா? ஒரு அம்மா எடுத்துட்டுப் போய் வளத்து வச்சிருக்காங்க, அவ்வளவுதான் நான் சொல்லப்போறேன். நீங்களும் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவங்க என்ன சொன்னாலும் வாங்கிக்குங்க."

சாயங்கால வெயிலில் அந்த அசேலியா முன்னால் நின்றோம். கல்லை எடுத்த இடத்தில் இரண்டு குழிகள் வெறுமனே இருந்தன. எர்னஸ்டின் போனில் அம்மாவைப் பிடித்து, பூவுக்கு நேரே காட்டினாள். திரையில் ஒரு வயசான முகம், லூவீனியா அம்மாள், கண்ணை இடுக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"அந்த ஆரஞ்சுப் பொட்டு இருக்கா?"

"இருக்கும்மா. பாரு."

"அதேதான். அதேதான் புள்ளே. என் கையால வச்சது. எவனாவது நசுக்கிப் போட்டிருப்பான்னு நினைச்சேன். எவ்வளவு உசரம் வந்துடுச்சு!" அழுகையும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம். "யாரு பாத்துக்கறது? அந்தம்மாவைக் காட்டு."

எர்னஸ்டின் போனை வைலீன் முகத்துக்கு நேரே திருப்பினாள். தானும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, நீதானா?" என்றாள் லூவீனியா அம்மாள். "இது தண்ணி நின்னா தாங்காதே, வெயில் ஏறினா தாங்காதே. எப்படிம்மா காப்பாத்தினே? நீ நல்லா இருப்பே. உன் பேரென்ன?"

"வைலீன்."

"எழுபது வருஷமா தினமும் ஜெபத்துல என் பிள்ளை பேரைச் சொல்லிட்டிருக்கேன். இனிமே அவன் பேரைச் சொன்னதும் உன் பேரையும் சொல்றேன் வைலீன். ரெண்டு பேரையும் சேர்த்தே சொல்றேன்."

வைலீன் வாயைத் திறந்தாள். எர்னஸ்டின் கண்ணைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். முகமெல்லாம் சிவந்து கழுத்துவரை இறங்கியது.

"வேண்டாம்மா," என்றாள் கடைசியில். "அதெல்லாம் வேண்டாம்மா."

"பாத்தியா, எவ்வளவு அடக்கம்," என்று லூவீனியா அம்மாள் மகளிடம் சொன்னாள்.